முழுக்கைச் சட்டை

"அழிச்சிடுங்க டாக்டர். ஒரு புள்ளிகூட மிச்சம் இருக்கக் கூடாது."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாள் இதைச் சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பெண் சுடுகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தயங்கித் தயங்கிக் கையை மடித்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே, கறுப்பு மையில் பச்சை குத்திய ஓர் ஆணின் பெயர்.

"மாப்பிள்ளை பேரா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. மாப்பிள்ளை வேற. இப்பத்தான் நிச்சயம் பண்ணியிருக்கு."

ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்தத் தோல் ஆஸ்பத்திரியில் அவள் பார்க்காத கையா, பார்க்காத பெயரா? காதலித்தவனைப் பிரித்தாயிற்று, இனி அவன் பெயரையும் தோலோடு உரித்து எடுக்க வேண்டும், அவ்வளவுதானே!

நர்ஸே காதலித்து, வீட்டை எதிர்த்துக்கொண்டு கல்யாணம் செய்தவள். பெற்ற தாய் இன்றுவரை அவள் வாசல்படி மிதிக்கவில்லை. இந்த மாதிரி அம்மாக்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"கடையில விக்கிற கிரீமெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா," என்றார் டாக்டர். "அறுத்து எடுத்துத் தையல் போடலாம். சீக்கிரம் முடிஞ்சிடும், ஆனா தழும்பு நிக்கும்."

"தழும்பா? கூடவே கூடாது. இவ கையில ஒரு கீறல் விழக் கூடாது."

"அப்போ அது மேலயே பெரிசா ஒரு பூவைக் குத்தி மறைச்சிடலாம்."

"மறைச்சதெல்லாம் போதும் டாக்டர்."

"லேசர்தான் சரி. ஒரே தடவையில போகாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னு பல தடவை வரணும். கொஞ்சம் கொஞ்சமா மங்கும்."

"எத்தனை தடவையானாலும் கூட்டிட்டு வரேன்."

எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் பெண்ணின் கையைப் பிடித்து, கட்டைவிரலால் அந்தப் பெயரை ஒரு முறை தேய்த்தாள். தேய்த்தால் போய்விடும் என்று நினைப்பு போலிருக்கிறது என்று நர்ஸ் உள்ளுக்குள் கருவிக்கொண்டாள்.

லேசர் அறையில் மரத்துப்போகிற களிம்பைத் தடவும்போது பெண்ணின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"வலிக்கும்னு பயமா?"

"எனக்கு வலிச்சாப் பரவாயில்ல சிஸ்டர்..." பெண் முடிக்கவில்லை.

நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டாள். "இதோ பாரு, மனசுல இருக்கிறதைச் சொல்லு. உனக்கு இஷ்டம் இல்லேன்னா டாக்டர்கிட்ட நான் பேசறேன். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. மாப்பிள்ளை பார்த்துடுவார்னுதானே இந்த முழுக்கை?"

"அவருக்குத் தெரியும் சிஸ்டர். இருந்துட்டுப் போகட்டும்னுதான் சொன்னார்."

"பின்னே யாருக்கு மறைக்கிறே?"

பெண் கதவுப் பக்கம் பார்த்தாள். "அம்மாவுக்கு."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தாள்.

"ஏம்மா, கட்டிக்கப் போறவருக்கே இல்லாத கோபம் உங்களுக்கு என்னத்துக்கு? பொண்ணு உள்ளே தேம்பித் தேம்பி அழறா. அந்தப் பேர் உங்களை என்னதான் பண்ணிச்சு?"

காத்திருந்தவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. எழுந்து உள்ளே வந்து, பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ கேட்டது நல்லதும்மா. இவளுக்குப் பரிஞ்சு பேச இன்னொரு ஆள் இருக்கேன்னு எனக்குச் சந்தோஷம்தான்."

நர்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்குச் சரின்னு சொன்ன அன்னிக்குப் போட்டுக்கிட்டா இந்த முழுக்கையை. அடுப்படியில வேகும்போதுகூடக் கையை மடிக்க மாட்டா. நான் எதிர்ல வந்தா கையைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கறா, என்னமோ திருடிட்ட மாதிரி. இவ என்னத்தைத் திருடினா? படுத்த படுக்கையாக் கிடந்த புருஷனைக் கடைசி மூச்சு வரைக்கும் தூக்கி உட்கார வச்ச கைம்மா இது. ஊருக்கே காட்டலாம். அந்தக் கையையா ஒளிச்சு வைக்கறது?"

"புருஷனா?"

"ஆமா. அவன் போயாச்சு. இவ சின்னவ, வாழ வேணாமா? நான்தான் அலைஞ்சு திரிஞ்சு தங்கமான பையனாப் பிடிச்சேன். இவளா, எனக்குத் துரோகம் பண்ணிட்ட மாதிரி ஒடுங்கிப் போறா. இந்தப் பேர் கண்ணுல படற வரைக்கும் அந்தப் பயம் போகாது. என் வீட்டுல இவ கையை வீசி நடக்கணும், அவ்வளவுதான்."

நர்ஸ் பெண்ணைப் பார்த்தாள். "உங்க அம்மா..."

"அம்மான்னுதான் கூப்பிடுவேன் சிஸ்டர்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் மாமியார்."

நர்ஸின் கையில் களிம்புக் குழாய் அப்படியே நின்றது. "அப்போ... இந்தப் பேரு..."

அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை.

"வச்சவளே நான்தானேம்மா! எடுக்கச் சொல்ல என்னை விட்டா வேற யாருக்கு உரிமை இருக்கு?"