கூடவே வந்த அஞ்சல் நிரல்

ஆம் என்று ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். பதினோரு நாள் சண்டையில் அவள் ஜெயித்துவிடுவாள்.

விரல் விசைக்கு மேலேயே நின்றது.

குடிநீர் வாரியத்தின் கணினி அறைக்கு அவள்தான் பொறுப்பாளர். அலுவலகம் மொத்தத்துக்கும் படியளக்கும் ஒரே பெரிய கணினியில் இன்று இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் திரை நின்று கேட்டது: "இந்தப் பதிப்பில் அஞ்சல் நிரல் கூடவே வராது. பழைய நிரலும் அதன் பெட்டியும் நீக்கப்படும். தொடரலாமா?"

இதுதான் இந்த ஜென்மத்தில் நடக்காது என்று எதிர் மேசைக்காரர் மேசையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

இயங்குதளத்தை ஏற்றினாலே கூட ஒட்டிக்கொண்டு வரும் அஞ்சல் நிரல் அது. கேட்காமலே வரும், வந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அதுவே தாராளம் என்பது அவர் கட்சி. வேறோர் அஞ்சல் நிரலைத் தனிப் பொட்டலமாக இறக்கி, நம் அளவுக்குத் தைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி.

"ஆணி அடிக்கச் சுத்தியல் போதும் மேடம். நீங்க ரயில் எஞ்சினைக் கட்டி இழுத்துட்டு வர்றீங்க."

"உங்க சுத்தியலுக்குத் தலை கழண்டு பத்து வருஷமாச்சு சார். வெறும் பிடியை வெச்சு அடிச்சுக்கிட்டிருக்கீங்க."

இதைக் கேட்க மூன்றாம் மாடி முழுவதும் நாற்காலியோடு இறங்கி வந்தது. காவலாளி வாசலை அம்போவென்று விட்டுவிட்டு வந்தார். அந்த அரை மணி நேரத்தில் யாராவது உள்ளே புகுந்து வாரியத்தையே பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தாலும் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

சூடு ஏறிய இடத்தில் அவர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். கூட இருக்கிறதோட அருமை உங்களுக்கு என்னிக்குமே தெரியாது மேடம், என்று.

இதற்கு மன்னிப்பு எழுத்தில் வர வேண்டும், அதுவரை பேச்சு கிடையாது என்று அத்தனை பேர் முன்னாலும் அவள் அறிவித்தாள்.

அன்று மதியமே தனிப் பொட்டலத்தை இறக்கி, எல்லோருடைய அஞ்சலையும் அதற்கு மாற்றிவிட்டாள். அதன் அமைப்புக் கோப்பை அச்சடித்திருந்தால் கட்டடத்தைச் சுற்றி மூன்று சுற்றுக் கட்டலாம். அவள் ஒரே மூச்சில் முடித்தாள். கோபம் அவ்வளவு வேலை வாங்கியது.

புதுப் பெட்டியை ஒரு நாளைக்கு நானூறு தடவை திறந்து பார்த்தாள். வாரியத்தின் சுற்றறிக்கைகள் வந்தன. யாரோ தொலைத்த குடையைப் பற்றி ஏழு கடிதங்கள் வந்தன. அவரிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

மேசைக்கு வந்தது அவருடைய மாற்றல் விண்ணப்பம்தான். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் போய்ச் சேரக்கூடிய நீரேற்று நிலையம். பொறுப்பாளர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் தாள் மேலே போயாக வேண்டும்.

இப்போது பதினொன்றே முக்கால். பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தாள். ஒரு வரி எழுத மனசில்லாத ஆளை எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது?

எதிரே அவர் திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"நீக்கப்படும் பெட்டியில் படிக்காத கடிதங்கள்: 3."

அவள் பெயரில்.

இல்லை என்று தட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

தனிப் பொட்டலம் வந்ததும் பழைய நிரல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருக்கவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் அவர் விரல்கள் பழைய கட்டளையையே தட்டியிருக்கின்றன. அதுவும் கடிதத்தை வாங்கி, பழைய பெட்டியில் பத்திரமாகப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்துவிட்டால் மூச்சு விடாமல் இருப்பது அந்த நிரல்களின் குலவழக்கம். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவரும் நம்பியிருக்கிறார்.

முதல் கடிதம், சண்டை நடந்த அன்று சாயங்காலம் எழுதியது.

"தனியா இறக்கினதுதான் சரி. நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ."

அதை ஒத்துக்கொள்வதற்கும் மனுஷர் பழைய நிரலைத்தான் பிடித்திருக்கிறார்.

இரண்டாவது, நான்காம் நாள்.

"படிச்சியா?"

மூன்றாவது, நேற்று.

"பதில் போட மாட்டேங்கறே. புரிஞ்சுது. அங்கே எனக்கு ஒரு அறை போதும். பாப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

அவள் பேனாவை மூடினாள்.

புதுப் பெட்டியில் எழுதினால் இந்த மனுஷர் அடுத்த வருஷம்தான் பார்ப்பார். பழைய கட்டளையையே தட்டினாள். விரல்கள் மறந்திருக்கவில்லை.

"மாற்றல் நிராகரிக்கப்பட்டது. காரணம்: ஆள் பற்றாக்குறை. வீட்டிலும்தான்."