48-க்கும் 6-க்கும் நடுவில்

நாலும் எட்டும் பன்னிரண்டு, ஆறும் சேர்ந்தால் பதினெட்டு.

கூரியர்காரனுக்குப் பகீரென்றது. மறுபடி கூட்டினான். அதே பதினெட்டு.

48_6 என்ற எண் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட, நடுவில் என்ன வரும்? தேர்வில் அவன் பூஜ்யம் போட்டான். அவன் மனைவி ஒன்பது போட்டாள். பூஜ்யம்தான் சரி என்று விடைக்குறிப்பு வந்துவிட்டது.

அடப்பாவிகளா! ஒன்பது போட்டால் கூட்டுத்தொகை இருபத்தேழு. அதுவும் ஒன்பதால் வகுபடுமே! கேள்வி போட்ட புண்ணியவான் பதினெட்டோடு நின்றுவிட்டார்.

குடிநீர் அலுவலகத்தில் இருப்பது ஒரே வேலை. அவளுக்கு அரை மதிப்பெண் குறைந்ததால் அது அவனுக்கு வந்தது. மூன்றாவது ஆள் கிட்டத்திலேயே இல்லை. இந்தக் கேள்விக்கு அவள் ஆட்சேபம் கொடுத்தால் வேலை அவளுக்குப் போகும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆட்சேபம் கொடுக்க இன்று ஐந்து மணிதான் கெடு. இப்போது நாலரை.

"ஏங்க, வேலையில சேர்ற அன்னிக்கு நீலச் சட்டையா, வெள்ளையா? இஸ்திரி போட்டு வச்சிடறேன்" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"எதுவா இருந்தா என்ன இப்போ" என்று எரிந்து விழுந்தான்.

அவளுக்குத் தெரியாது. அவன் சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. பார்சல் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன மனிதன், பாவம். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் இந்த விதிகளையெல்லாம் அவன் மண்டையில் ஏற்றியதே அவள்தானே! மருந்துக் கடையில் நாளெல்லாம் கால் கடுக்க நின்றுவிட்டு வந்து, எட்டு மாதம், தூங்கி வழிந்தவனைக் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தவளுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டான் பாருங்கள், அங்கேதான் ஆசாமி கோட்டை விட்டான்.

இருபது நிமிடம் நகத்தைக் கடித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் செல்போனை எடுத்து, அவளுடைய விண்ணப்ப எண்ணைத் தட்டித் தேர்வு இணையதளத்துக்குள் போனான்.

ஆட்சேபப் படிவம் காலியாக இல்லை.

கேள்வி எண், இரண்டு விடைகள், இரண்டு கூட்டுத்தொகைகள், எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. விடைக்குறிப்பு வந்த அன்றைக்கே எழுதியிருக்கிறாள். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

'சேமிக்கப்பட்டது. அனுப்பப்படவில்லை.'

மணி நாலு ஐம்பத்தாறு. அனுப்பிவிட்டுத்தான் அழுதான்.