கதவைப் பார்த்த ஸ்டூல்

காரைக்கால்மேட்டுச் சாலையில் இருக்கும் தன் போட்டோ ஸ்டூடியோவில் ஐரேன் கேமராவோடு நிற்கிறாள். நாலு மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவன் இன்னும் உட்காரவில்லை. இப்போதுதான் மழித்த முகம். மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. அந்த மீசையோடுதான் அவன் படம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருக்கிறது. மூன்று கொலை வழக்கில் போலீஸ் தேடும் புகழேந்தி. ஐரேன் அடையாளம் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் லென்ஸைத் துடைக்கிறாள். “கதவுக்கு முதுகு காட்டி உக்கார மாட்டேன்க்கா,” என்று அவனே ஸ்டூலையும் வெள்ளைத் திரையையும் தூக்கி எதிர்ச்சுவரோரம் வைத்து உட்காருகிறான். இப்போது கதவு ஐரேனின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சட்டைக்கு அடியில், அவன் இடுப்பில் துப்பாக்கியின் பிடி புடைத்துத் தெரிகிறது. “சிரிக்காதீங்க, நேரா லென்ஸைப் பாருங்க,” என்கிறாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது. வெளியே ஒரு பைக் வந்து நிற்கிறது. இன்ஜின் மட்டும் அணையவில்லை. கேமராவுக்குள் அவன் கண்கள் லென்ஸை விட்டு நகர்ந்து, அவள் தோளுக்கு மேலாகப் போய் நிலைக்கின்றன. தரையில் இரண்டு ஆள் நிழல்கள் நீள்கின்றன. அவன் கை சட்டைக்குள் போகிறது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “அக்கா,” என்கிறான் மிக மெதுவாக, “திரும்பிப் பாக்காம அப்படியே கீழ படுத்துக்கங்க.”