எழுபத்தோராவது வரிசை

முகாமில் ஐயாயிரத்து நாற்பது பேர். தினமும் காலையில் அதிகாரி இரண்டிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்வார். அத்தனை வரிசைகளாகச் சமமாக நிற்க வேண்டும். மிஞ்சுகிறவர் லாரியில் ஏற வேண்டும். ஏறியவர் யாரும் திரும்பியதில்லை. ஐயாயிரத்து நாற்பது என்பது இரண்டு முதல் பத்து வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். இரண்டு மாதமாக லாரி காலியாகப் போவதைக் கடவுளின் கருணை என்றே கணக்கு டீச்சர் பவளக்கொடி நம்பினாள்.

இன்று விடியலில் செண்பகத்துக்குக் குழந்தை பிறந்துவிட்டது. புதிதாக வந்தவர் கடைசியில் நிற்பது முகாமின் விதி. அதிகாரி எந்த எண்ணைச் சொன்னாலும் இனி அந்தக் குழந்தை மிஞ்சும்.

பவளக்கொடி முன்னால் போனாள். "ஐயா, இன்னைக்கு எழுபத்தொரு வரிசையா நிக்கிறோங்க."

"எழுபத்தொண்ணா? வெளையாடுறியா? ஒரு தலை மிஞ்சுனாலும் நீயும் சேர்ந்து ஏறணும், டீச்சரம்மா."

"ஏறுறேங்க."

வரிசைக்கு எழுபத்தொரு பேர், குழந்தையோடு மொத்தம் ஐயாயிரத்து நாற்பத்தொன்று. பெருக்கல் சரிதானா என்று உள்ளங்கையில் விரலால் மறுபடி போட்டுப் பார்த்தாள். வியர்வையில் விரல் வழுக்கியது. எழுபது வரிசைகள் நிரம்பிவிட்டன. காவலன் கடைசி வரிசையைப் பிரம்பால் தோள் தோளாகத் தொட்டு எண்ணி வந்தான். செண்பகம் எழுபது. அவளுக்கு அடுத்து, தரையில் விரித்த துண்டில் குழந்தை கிடந்தது.

அதிகாரி சிரித்தார். "அது நிக்கலையேடா. நிக்கிறதைத்தான் எண்ணணும்."

காவலன் பிரம்பைக் கீழே வைத்தான். மண்டியிட்டுக் குழந்தையைத் தூக்கி, தலையைத் தன் மார்பில் சாய்த்து, அதன் பாதங்கள் மண்ணில் படும்படி பிடித்துக்கொண்டான்.

"எழுபத்தொண்ணு, ஐயா" என்றான்.