அரை அங்குலம்

"அவன் வீட்டுச் சட்டம் நம்ம பெட்டிக்குள்ள இறங்காதுன்னு உனக்குத் தெரியாதா? எதுக்கு அங்க போய்க் கேட்ட?"

துணிக்கொடியின் கீழே குந்தியிருந்த பெரியவர் மனைவியை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். எதிரே தேனீப் பெட்டி திறந்து கிடந்தது. ராணி செத்துவிட்டது. இன்னொன்றை வளர்க்க உள்ளே ஒரு முட்டைகூட இல்லை. முட்டையுள்ள அடையோடு ஒரு மரச்சட்டத்தை வேறு பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் தேனீக்கள் புது ராணியை உண்டாக்கிக்கொள்ளும். இல்லையென்றால் சில வாரங்களில் பெட்டி காலி. எட்டுப் பெட்டி வைத்திருந்தவருக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்.

"வேற யார்கிட்ட இருக்கு? உங்க தம்பி வீட்டுலதான் இருக்கு. கேட்டேன்" என்றாள் மனைவி.

இறங்காது என்பதற்குக் காரணம் அவரேதான். ஆறு வருஷம் முன்பு அப்பாவின் வீட்டைப் பிரித்தபோது, ஒரு சுவர் யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு தடித்தது. தேனீப் பெட்டிகளை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரமே இவர் தன் பெட்டிகளையும் சட்டங்களையும் அரை அங்குலம் குறைத்துச் செய்தார். இவர் சட்டம் அங்கேயும் அவன் சட்டம் இங்கேயும் ஒருநாளும் போகக் கூடாதாம். தன் மூக்கு அறுபட்டாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆகவேண்டும் என்கிற ரகம்.

கொல்லைக் கதவு திறந்தது. தம்பி மனைவி ஈரத்துணியில் சுற்றிய சட்டத்தோடு வந்தாள். அக்காவிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டு அதை இவரிடம் நீட்டினாள்.

அவர் ரம்பத்தை எடுத்தார். இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் அறுக்க வேண்டும். அந்த அதிர்வில் முட்டைகள் பிழைக்குமா தெரியாது. தம்பி வீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டே ரம்பத்தைச் சட்டத்தின்மேல் வைத்தார்.

"அறுக்காதீங்க மாமா. ஒரு தடவை வெச்சுப் பாருங்க" என்றாள் தம்பி மனைவி.

சொன்னால் நம்பமாட்டாள் என்று சட்டத்தைப் பெட்டியின் மேல் பிடித்து மெல்ல இறக்கினார்.

அது இறங்கி உட்கார்ந்தது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, இரு பக்கமும், ஒரு தேனீ நடக்கிற இடைவெளி. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தேனீக்கள் உடனே அதன்மேல் ஏறத் தொடங்கின.

இதற்கென்று புதிதாகச் செய்தது என்றும் சொல்ல முடியாது. மரம் தேய்ந்திருந்தது. அடை கறுத்திருந்தது. வருஷக்கணக்கில் உழைத்த சட்டம்.

"இது எப்படிம்மா?" அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுல எல்லாமே இந்த அளவுதான் மாமா. நீங்க குறைச்ச மறுவாரமே அவரும் குறைச்சிட்டார். அந்தக் கலைச்சல்ல மூணு கூட்டம் எங்களை விட்டுப் பறந்தே போச்சு. ஏன் இந்த வேலைன்னு கேட்டேன். 'என்னைக்காவது அண்ணனுக்கு ஒரு சட்டம் தேவைப்படும், அன்னைக்கு நம்மளது பொருந்தாமப் போயிடக் கூடாது'ன்னார்."