கூடையின் அந்தப் பக்கம்

“முதல்ல எல்லாத்தையும் விவரமாச் சொல்லிடுங்க டாக்டர். சட்டையை அப்புறம் தூக்குறேன்” என்று அடம்பிடித்தார் சலவைக்கடைக்காரர்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். “சரி, என்ன தெரியணும் உங்களுக்கு?”

“எனக்குக் கேக்கத் தெரியாது. இவ கேப்பா. எங்க வீட்டுல கேள்வி இலாகா இவகிட்டதான் இருக்கு.”

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி அவரை முறைத்தாள். ஒரு வாரமாக மனிதர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஈரத்துணிக் கூடையைத் தூக்கும்போதெல்லாம் “ஆ... அம்மா!” என்று முனகல். வயிற்றில் என்னவோ புடைக்கிறதாம். காட்டுங்கள் என்றால் வெட்கமாம். நேற்று இடப்பக்கம் என்றார். இன்று வழி நெடுக வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலி வந்துவிட்டால் இந்த ஆம்பளைகளுக்கு இடம் வலம்கூட மறந்துபோகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தனியாகப் போகமாட்டேன், நீயும் வா என்று அவர் ஒற்றைக்காலில் நின்றபோது அவள் ஒப்புக்குத்தான் சலித்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

அவள் வயிற்றிலும் ஒரு புடைப்பு இருந்தது. கடைக்குட்டியை அறுத்து எடுத்த தழும்பின்மேல். இருமினால் எட்டிப் பார்க்கும், படுத்தால் காணாமல் போகும். யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் மறுபடியும் கத்தி என்பார்கள். அந்த மேசையில் இன்னொரு தரம் படுப்பதை நினைத்தாலே அவளுக்குக் கைகால் ஜில்லிட்டுவிடும். இன்று அவரைச் சாக்கு வைத்துத் தன் சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டு போய்விடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“இது எதனால வருது டாக்டர்?”

“வயித்துச் சுவர்ல ஏதோ ஒரு இடத்துல தசை பலவீனமாயிடும். உள்ளே இருக்கிற கொழுப்போ குடலோ அந்த வழியா வெளியே தள்ளும். அதுதான் ஹெர்னியா, குடலிறக்கம். தலையணை உறையில தையல் விட்ட இடத்துல தலையணை பிதுங்குமே, பார்த்திருப்பீங்க.”

“தினம் பார்க்கிறோம். ஆனா படுத்தா தானா உள்ளே போயிடுதே! அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?”

“தலையணை உள்ளே போயிடும், விட்ட தையல் தானா சேராதே. ஒருநாள் உள்ளே போகாம மாட்டிக்கிச்சுன்னா? கல்லு மாதிரி இறுகி, வலி வாந்தின்னு ஆரம்பிச்சா, குடலுக்கு ரத்த ஓட்டமே நின்னுபோகலாம். அப்போ அவசர அவசரமா அறுக்கணும். அதுக்கு முன்னாடி நிதானமாப் பண்ணிக்கிறது நல்லதில்லையா?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கணவரோ யாருக்கு வந்த விருந்தோ என்று சுவரில் இருந்த குடல் படத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்திரை, பெல்ட்டு ஏதாவது?”

“பெல்ட்டு அமுக்கித்தான் வைக்கும். மாத்திரைக்குத் தைக்கத் தெரியாது.”

“நீங்க எப்படித் தைப்பீங்க?”

“பிதுங்கினதை உள்ளே அனுப்பிட்டு, பலவீனமான இடத்துல மெல்லிசா ஒரு வலை வைப்போம். நைஞ்ச போர்வைக்கு அடியில ஒட்டுப் போடுற மாதிரி. போகப்போக சதை அதோட சேர்ந்து வளர்ந்துடும். நிறைய பேருக்குச் சின்னச் சின்னத் துளை போட்டே முடிச்சிடலாம்.”

ஒட்டுப் போடுவது அவள் தினமும் பார்க்கும் வேலை. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“பாதியில முழிப்பு வந்துடாதே?”

“மயக்க மருந்து குடுக்கிற டாக்டர் கடைசிவரைக்கும் தலைமாட்டுலயே இருப்பார். நீங்க தைரியமா இருங்க.”

“பழைய தழும்பு மேல கூட வருமா டாக்டர்?”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “தாராளமா வரும். இவருக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?”

“சேச்சே! சும்மா... பொது அறிவுக்குக் கேட்டேன். குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் இப்படி...” என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். கணவர் குடலைப் பார்த்தார்.

“சரி, எப்போ மறுபடி கூடை தூக்கலாம்?”

“சில வாரம் பாரம் தூக்கக் கூடாது. அதுவரைக்கும் வேற யாராவது தூக்கட்டும்.”

“அது பிரச்னையே இல்லை” என்றார் கணவர், முதல் தடவையாக வாயைத் திறந்து.

அவளுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. “இவ்வளவுதானா! இதுக்குப் போயா இத்தனை நாள் பயந்தே... பயந்தாரு இவரு!”

“இப்போ பயம் போயிடுச்சில்ல?” என்று கேட்டார் கணவர்.

“எனக்கென்ன பயம்? படுக்கப்போறது நீங்க. எழுந்திருங்க.”

அவர் சமர்த்தாகப் போய்ப் படுத்துச் சட்டையைத் தூக்கினார். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார். இருமச் சொன்னார். எழுந்து நிற்கவைத்து மறுபடியும் இருமச் சொன்னார். இடப்பக்கம், வலப்பக்கம், தொப்புள் எதுவும் பாக்கியில்லை.

“ஏங்க, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே!”

“தெரியும் டாக்டர்” என்று அவர் சட்டையை இறக்கிவிட்டு, தான் படுத்துக் கசங்கிய விரிப்பைத் தொழில் பழக்கத்தில் நீவிவிட்டார். “எங்க கூடையை ஒரு பக்கம் நான் பிடிப்பேன், அந்தப் பக்கம் இவ பிடிப்பா. கொஞ்ச நாளா இவ கை முதல்ல வயித்தை அமுக்கிட்டு, அப்புறம்தான் கூடைக்கு வருது. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா” என்றவர், மனைவியைப் பார்த்துப் படுக்கையைத் தட்டினார். “அதான் உன் கேள்விக்கெல்லாம் பதில் வந்தாச்சே, வந்து படும்மா.”