ஹேண்டில்பாருக்கு அளவு

"நான் ஒருத்தன், நீங்க ரெண்டு பேரு, இருநூறு கிலோ வண்டி ஒண்ணு. இத்தனையும் வாசலுக்குள்ள இந்தக் குறுகல் நடை தாங்காதுக்கா. யாராவது ஒருத்தர் உள்ள போங்க" என்றான் மெக்கானிக்.

யாரும் போகவில்லை. வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து, கழற்றி வைத்த பழைய ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டிருந்தார். வண்டியில் கீறல் விழக்கூடாதென்று, ஓட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் வாசல் வழியே நடைக்குள் ஏற்றி நிறுத்தினவர் அவர். அவர் மனைவி கையில் ஒரு கயிற்றோடு வண்டிக்கு முன்னால் நின்றாள். கயிற்றின் இரண்டு முனையிலும் முடிச்சு.

அந்தக் கயிறுதான் மெக்கானிக்கின் பிராணனை வாங்கியது. திங்கட்கிழமை அவன் கொண்டுவந்த புது ஹேண்டில்பாரில் அதை வைத்துப் பார்த்து, பத்தாது என்றாள். புதன்கிழமை கொண்டுவந்ததும் பத்தவில்லை. இன்று கடையில் இருந்ததிலேயே பெரியதை, எருமைக் கொம்பு மாதிரி இருந்ததை, தூக்கிக்கொண்டு வந்தான். கயிற்றைத் தாண்டி இரண்டு பக்கமும் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. "இது சரி" என்றாள்.

"இவ்வளவு அகலம் எதுக்குக்கா?"

"அவரு தோள்ல பிளேட்டு வெச்சிருக்கு. கையை அகட்டி வெச்சாத்தான் வலிக்காது."

எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டான். டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும். அந்தத் தோள் இன்னொரு தடவை உடைந்தால் கை அவ்வளவுதான். இப்போதே சட்டைப் பித்தானைக்கூட அவர் இடது கையால்தான் போட்டுக்கொள்கிறார். ஆனாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு முந்நூறு கிலோமீட்டர் போவதாக நாள் குறித்தாயிற்று. ஆறு மாதம் அவள் மல்லுக்கட்டினாள். அழுதாள், பேசாமல் இருந்தாள், சாவியை ஒளித்து வைத்தாள். அவர் வேறு சாவி செய்துகொண்டார். கடைசியில் அவளே மெக்கானிக்குக்குப் போன் பண்ணி, போகிறதுதான் போகிறார், நல்ல பாராக மாட்டிக் கொடு என்றாள்.

"கடைசியில நம்ம வழிக்குத்தான் வந்தாகணும். கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர், அவனைப் பார்த்துக் கண் சிமிட்டி.

வண்டியைத் தெருவில் வைத்து வேலை செய்கிறேன் என்று அவன் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் வெயில், அவரும் கூடவே வந்து நிற்பாராம். அதனால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் படிக்கட்டுக் கம்பி, நடுவில் முட்டி தேய இவன். கிளட்ச் கேபிள் எட்டவில்லை, நீளமானது மாற்றினான். பிரேக் ஹோஸும் எட்டவில்லை, அதையும் மாற்றினான். இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கிறது என்றார் வீட்டுக்காரர். இறக்கினான். இப்போது வலது பக்கம் ஏறியிருக்கிறதாம்.

"சார், நீங்க தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் பாக்குறீங்க."

ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, கேபிள் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சாண் திருப்புவதற்குள் பிடி சுவரில் முட்டியது. இதற்குத்தான் வெளியே வைத்துப் பார்க்கலாமென்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன் என்று அவன் முணுமுணுத்தது யார் காதிலும் ஏறவில்லை.

"போல்ட்டெல்லாம் நல்லா இறுக்குங்க. நடுவழியில கழலக்கூடாது" என்றாள் அவள்.

"பசை ஊத்தி இறுக்கியிருக்கேன். இனி ஒரு ஆள் ரெண்டு கையாலயும் தம் கட்டினாத்தான் அசையும்."

"ரெண்டு கையும் வேணுமா?"

"ரெண்டும்தான்."

"அப்பச் சரி."

வீட்டுக்காரர் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க உள்ளே போனார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றான் மெக்கானிக். அதெல்லாம் வேண்டாம் என்று அவனுடைய பையையும் பழைய பாரையும் அவன் கையில் திணித்து, வாசலுக்கு வெளியே அனுப்பினாள். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. மூன்று நாள் அலைச்சலும் சேர்ந்து அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, தப்பா நினைச்சாலும் பரவாயில்ல. அந்தக் கையோட அவரை அனுப்புறீங்களே, உங்களுக்கு நெஞ்சு கேக்குதா?"

"ஞாயித்துக்கிழமை அவர் போன் பண்ணுவாரு. எடுக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

உள்ளிருந்து, கை நுழையவில்லை, வந்து மாட்டிவிடு என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவள் இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, கயிற்றை விரித்து ஒரு முடிச்சை வாசல் நிலையின் இடப்பக்கம் வைத்து, மறுமுனையை எதிர்ப்பக்கம் இழுத்தாள்; அந்த முடிச்சு மயிரிழை பிசகாமல் நிலையில் போய் உட்கார்ந்தது.

"ரெண்டு பக்கமும் நாலு விரல் ஜாஸ்தி" என்று சொல்லி, அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டிக்கொண்டாள்.